எல்லையோர ஊரிலிருந்து எம்பிஏ: பிரிவைத் தேர்ந்து, இரு மாநிலத்திலும் விண்ணப்பிக்கும் முறை

கொழிஞ்சாம்பாறையிலோ மீனாட்சிபுரத்திலோ குமுளியிலோ இருந்துகொண்டு எம்பிஏ படிக்க நினைப்பவருக்கு இரண்டு மாநிலத்துக் கல்லூரிகளும் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கின்றன. நுழைவுத் தேர்வுகளில் தமிழ்நாட்டின் டான்செட்டும் எழுதலாம், கேரளத்தின் கே-மேட்டும் எழுதலாம். சென்னைக்காரருக்கும் கொச்சிக்காரருக்கும் இல்லாத வசதி இது. ஆனால் இரண்டு மாநிலத்துக் காகித வேலையும் கூடவே வரும். நல்ல மதிப்பெண் எடுத்தும் ஒரு சான்றிதழ் கைக்கு வராததால் சீட்டை விட்டவர்கள் இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் உண்டு.

பெரும்பாலோர் முதலில் தேர்வு எழுதுகிறார்கள், வந்த மதிப்பெண்ணுக்குக் கிடைத்த கல்லூரியில் சேர்கிறார்கள், முதல் ஆண்டு முடியும்போதுதான் எந்தப் பிரிவு எடுப்பது என்று யோசிக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். எந்த வேலை என்பது முதலில். அந்த வேலைக்கு எந்தப் பிரிவு என்பது அடுத்து. அந்தப் பிரிவை உண்மையாக நடத்தும் கல்லூரி எது என்பது மூன்றாவது. அந்தக் கல்லூரி எந்தத் தேர்வின் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறது என்பது கடைசி.

சிறப்புப் பிரிவு என்றால் என்ன கிடைக்கும்

எம்பிஏவில் சிறப்புப் பிரிவு இரண்டு விதமாக வருகிறது. முதலாவது பொது எம்பிஏ. முதல் ஆண்டு முழுக்க எல்லோருக்கும் ஒரே பாடங்கள்: கணக்கியல், பொருளியல், புள்ளியியல், நிறுவன நடத்தை, மார்க்கெட்டிங், நிதி, உற்பத்தி, மனிதவளம், ஆய்வு முறை. மூன்றாம் பருவத்திலிருந்து விருப்பப் பாடங்கள் தொடங்கும். ஒரு துறையிலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கையில் தாள்கள் எடுத்தால் அது உங்கள் சிறப்புப் பிரிவு. இரண்டு துறையில் பாதிப் பாதியாக எடுத்தால் இரட்டைப் பிரிவு. பட்டச் சான்றிதழில் பெரும்பாலும் வெறும் எம்பிஏ என்றுதான் இருக்கும்; பிரிவு எது என்பது மதிப்பெண் பட்டியலில் உள்ள தாள்களைப் பார்த்தால்தான் தெரியும். அரசு வேலை அறிவிப்பில் ‘எம்பிஏ மனிதவளம்’ என்று கேட்டால், பல்கலைக்கழகத்திடம் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். படிப்பு முடிந்து வெளியேறும்போதே அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, முதல் நாளிலிருந்தே ஒரு துறைக்கென்று வடிவமைத்த படிப்பு. ஐஐஎம் கோழிக்கோட்டில் நிதித் துறைக்கென்று தனி எம்பிஏ இருக்கிறது. ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐயின் மனிதவளப் படிப்பு நாடறிந்தது. திருவனந்தபுரத்தில் கேரள அரசின் சுற்றுலாப் படிப்பு நிறுவனமான கிட்ஸ், பயணம் - சுற்றுலா எம்பிஏ நடத்துகிறது. வேளாண் வணிகத்துக்கு கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், திருச்சூர் அருகே வெள்ளானிக்கரையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்திலும் எம்பிஏ உண்டு. இவற்றில் ஆழம் கூடுதல். ஆனால் நடுவில் மனம் மாறினால் வேறு பிரிவுக்குத் தாவ முடியாது. இந்தத் துறைதான் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கே இது பொருந்தும். தெளிவில்லாதவர் பொது எம்பிஏவில் சேர்வதே சரி.

பிஜிடிஎம் (மேலாண்மை முதுநிலை டிப்ளமோ) என்ற பெயரைக் கண்டு பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். பல்கலைக்கழகத்தோடு இணையாத தன்னாட்சி நிறுவனங்கள் பட்டம் கொடுக்க முடியாது, டிப்ளமோதான் கொடுக்கலாம். தனியார் கம்பெனிகள் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கின்றன. பின்னாளில் பிஎச்டி, விரிவுரையாளர் வேலை, அரசு வேலை என்ற எண்ணம் இருந்தால், அந்த பிஜிடிஎம்முக்குத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் அனுமதியோடு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏஐயு கொடுத்த எம்பிஏ இணைத்தகுதியும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது இல்லையென்றால் அந்த வழி அடைபடும்.

இனி, கல்லூரியில் நேரில் கேட்க வேண்டிய விஷயம். விளம்பரக் கையேட்டில் எட்டுப் பிரிவு போட்டிருப்பார்கள். நடப்பது மூன்றாக இருக்கலாம். காரணம் எளிது: ஒரு விருப்பப் பாடத்தைத் திறக்கக் குறைந்தபட்ச மாணவர் எண்ணிக்கை என்று ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு வரம்பு உண்டு. அறுபது பேர் வகுப்பில் நாற்பது பேர் மார்க்கெட்டிங்-மனிதவளம் எடுத்துவிட்டால், சப்ளை செயின் கேட்ட ஐந்து பேருக்காகத் தாள் திறக்க மாட்டார்கள். அதனால் கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு, இப்போது இரண்டாம் ஆண்டில் நடக்கும் வகுப்பின் கால அட்டவணையைக் கேளுங்கள். அதில் இருக்கும் தாள்தான் உண்மையாக நடக்கும் தாள். கூடவே, அந்தத் தாளை எடுப்பவர் நிரந்தர ஆசிரியரா, மணி கணக்கில் வந்து போகிறவரா என்றும் கேளுங்கள். அட்டவணையைக் காட்டத் தயங்கும் கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. பிசினஸ் அனலிட்டிக்ஸ் இப்போது எல்லாக் கல்லூரியின் பலகையிலும் இருக்கிறது. பாடத்திட்டத்தில் மூன்றாம், நான்காம் பருவப் பக்கங்களைத் திறந்து ஐந்து விஷயம் தேடுங்கள்: தரவுத்தளமும் எஸ்கியூஎல்லும் ஒரு தாளாவது, ரிக்ரஷன் உள்ளிட்ட புள்ளியியல் மாதிரிகள், முன்கணிப்பு, பைதான் அல்லது ஆர் ஆய்வகத்தோடு, உண்மையான தரவை வைத்து ஒரு பருவம் முழுக்க நடக்கும் புராஜெக்ட். இந்த ஐந்தில் மூன்றுக்குக் குறைந்தால் அது அனலிட்டிக்ஸ் இல்லை. ‘தகவல் மேலாண்மை அமைப்பு’, ‘மின்வணிகம்’, ‘அறிவு மேலாண்மை’ என்ற தாள்கள் மட்டும் இருந்தால், பழைய சிஸ்டம்ஸ் பிரிவுக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மனிதவளத்தையும் இப்படியே சோதிக்கலாம். 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பாடத்திட்டம் இன்னும் பழைய தொழிற்சாலைச் சட்டத்தையும் தொழில் தகராறு சட்டத்தையும் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், நேர்காணலில் மாட்டிக்கொள்ளப் போவது நீங்கள்தான்.

எந்தப் பிரிவு: சுற்றியிருக்கும் தொழிலைப் பாருங்கள்

எம்பிஏ முடித்தவர் எல்லோரும் பெங்களூருக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. பாலக்காட்டுக் கணவாய் நெடுகிலும் தொழில் இருக்கிறது. அந்தத் தொழிலுக்குத் தமிழும் மலையாளமும் தெரிந்த மேலாளர் வேண்டும். அந்த இரண்டு மொழியும் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. இதைப் பலர் தகுதியாகவே எண்ணுவதில்லை.

சப்ளை செயின், லாஜிஸ்டிக்ஸ், ஆபரேஷன்ஸ் பிரிவு இந்தப் பகுதிக்கு முதல் தேர்வு என்பது எங்கள் கருத்து. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை, கோவை பம்பு-வார்ப்படத் தொழில், திருப்பூர் பனியன், கொச்சி வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம் என எல்லாம் ஒரே சாலை வரிசையில் இருக்கின்றன. 2025 மே மாதம் விழிஞ்ஞம் துறைமுகமும் முறைப்படித் தொடங்கப்பட்டது. ஜிஎஸ்டி வந்த பிறகு வாளையாறில் வணிகவரிச் சோதனைக்காக லாரிகள் நிற்பது போய், சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டான ஈ-வே பில் வந்துவிட்டது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு அது வேண்டும். சாதாரண சரக்குக்கு ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் ஒரு நாள் செல்லுபடி. இந்த ஒரு விதியை வைத்தே வண்டி ஓட்டம், கிடங்கு இருப்பு, சரக்கு சேரும் நேரம் என்று ஒரு முழுப் புராஜெக்ட் செய்யலாம். இந்தப் பிரிவுக்குக் கணக்குப் பயம் கூடாது. லீனியர் புரோகிராமிங், இருப்புக் கட்டுப்பாடு, வரிசைக் கோட்பாடு எல்லாம் வரும்.

வேளாண் வணிகமும் தோட்ட மேலாண்மையும் இடுக்கி, கம்பம், போடி, பொள்ளாச்சிப் பக்கத்தாருக்கு நல்ல பொருத்தம். ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்-ஏலம் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கிறது: ஒரே சரக்கு, மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். மூணாறில் 2005-இல் தொழிலாளர்களையே பங்குதாரராக்கித் தொடங்கிய கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ், தோட்ட நிர்வாகம் படிப்பவர் ஊன்றிப் படிக்க வேண்டிய நிறுவனம். இத்துறைக்கு மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழுள்ள பெங்களூரு இந்தியத் தோட்ட மேலாண்மை நிறுவனமும், ஹைதராபாத்தில் மேனேஜ் என்ற தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனமும் இருக்கின்றன. மேனேஜ் வேளாண்மையும் அதைச் சார்ந்த படிப்பும் முடித்தவர்களுக்கானது. பிகாம் படித்தவர் அங்கே விண்ணப்பித்துக் காசை வீணாக்க வேண்டாம்.

நிதிப் பிரிவு பிகாம், பிபிஏ முடித்தவர்களுக்கு எளிதாகத் தோன்றும். ஆனால் எம்பிஏ நிதி என்பது கணக்கு எழுதுவதன் தொடர்ச்சி இல்லை. கம்பெனி மதிப்பீடு, பங்குப் பகுப்பாய்வு, டெரிவேட்டிவ்ஸ், கடன் மதிப்பீடு இந்த நான்கும் அங்கே வேண்டும். எக்செலில் மூன்று நிதி அறிக்கைகளையும் ஒன்றோடொன்று இணைத்து ஒரு மாதிரி கட்டத் தெரியாமல் நேர்காணலுக்குப் போக வேண்டாம்.

மார்க்கெட்டிங் படித்தால் முதல் வேலை பெரும்பாலும் விற்பனைதான். பாலக்காடு-திருச்சூர்-கோவை வட்டாரம் பிடித்துச் சுற்ற வேண்டும். அது பிடிக்காதவர் இந்தப் பிரிவை எடுக்கக் கூடாது. மனிதவளத்தில் முதல் வேலைகளின் எண்ணிக்கை விற்பனையைவிடக் குறைவு. சுற்றுலா, மருத்துவமனை நிர்வாகம் இரண்டுக்கும் இப்பகுதியில் இடம் உண்டு. தொடக்கச் சம்பளத்தை விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

இரட்டைப் பிரிவு எடுப்பவர் ஒன்றை முதன்மையாகவும் இன்னொன்றை அதற்குத் துணையாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். நிதியும் அனலிட்டிக்ஸும், ஆபரேஷன்ஸும் அனலிட்டிக்ஸும், வேளாண் வணிகமும் மார்க்கெட்டிங்கும் நல்ல இணைகள். நிதியும் மனிதவளமும் சேர்த்தால் நேர்காணலில் ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்வது சிரமம்.

பிளேஸ்மென்ட் அறிக்கையைப் படிக்கும் விதம்

சராசரிச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள், இடைநிலைச் சம்பளத்தை, அதாவது எல்லாச் சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதைக் கேளுங்கள். அறுபது பேர் வகுப்பில் ஐந்து பேருக்கு 12 லட்சம், நாற்பது பேருக்கு 4 லட்சம், பதினைந்து பேருக்கு வேலை இல்லை என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி ‘சராசரி 4.9 லட்சம்’ என்று போடும், ஏனென்றால் வேலை கிடைத்த 45 பேரை வைத்துத்தான் வகுத்திருக்கிறது. இடைநிலை 4 லட்சம்தான். வேலை கிடைக்காத பதினைந்து பேர் கணக்கிலேயே இல்லை. ஆக, கேட்க வேண்டியவை மூன்று: வகுப்பில் மொத்தம் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு வேலை, உங்கள் பிரிவில் தனியாக இடைநிலை எவ்வளவு. முன்னணிக் கல்லூரிகள் சில ஐபிஆர்எஸ் என்ற பொது முறைப்படி, வெளித் தணிக்கை செய்த அறிக்கை வெளியிடுகின்றன. அப்படி இருந்தால் அதையே நம்புங்கள்.

தேர்வுகள்

எல்லாவற்றுக்கும் அடிப்படைத் தகுதி ஏதேனும் ஒரு மூன்றாண்டுப் பட்டத்தில் பொதுவாக 50 விழுக்காடு. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. இறுதியாண்டு படிப்பவரும் எழுதலாம்.

கேட் (CAT) என்ற அகில இந்தியத் தேர்வை ஐஐஎம்கள் மாறி மாறி நடத்துகின்றன. ஆகஸ்டு-செப்டம்பரில் பதிவு, நவம்பர் கடைசி ஞாயிறு தேர்வு என்பது வழக்கம். மொழி, தரவு-தர்க்கம், கணிதம் என மூன்று பகுதி. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பகுதி முடிந்தால் திரும்பிப் போக முடியாது. சரியான விடைக்கு 3, தவறுக்கு 1 கழியும். விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விக்குக் கழிவு இல்லை, அதனால் அதை ஒருபோதும் காலியாக விடாதீர்கள். நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் நீண்ட கணக்கில் வருவதும் போவதும் சமம். ஒன்றையாவது தவறு என்று உறுதியாகத் தள்ள முடிந்தால் மட்டும் தொடுங்கள்.

டான்செட்டை அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது: 100 கேள்வி, 2 மணி நேரம், ஒரு தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. கலந்தாய்வு கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி வழியாக நடக்கும். கே-மேட்டைக் கேரள நுழைவுத் தேர்வு ஆணையர் நடத்துகிறார்: 180 கேள்வி, 3 மணி நேரம், 720 மதிப்பெண், சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. ஆங்கிலம் 50, கணிதம் 50, தரவு-தர்க்கம் 40, பொது அறிவு 40. கேரளக் கல்லூரிகளில் கே-மேட், அகில இந்தியத் தேர்வான சிமேட் (CMAT), கேட் மூன்றில் ஒன்று இருந்தால் போதும். கேட் எழுதியவர் கே-மேட் எழுதித்தான் ஆக வேண்டும் என்று சிலர் வீணாக ஓடுகிறார்கள், தேவையில்லை.

எட்டிமடை அமிர்தா போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அகில இந்தியத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு தாங்களே சேர்க்கை நடத்துகின்றன; அங்கே மாநிலம் பெரிய கேள்வியாக இருக்காது.

தமிழ் வழியிலோ மலையாள வழியிலோ பள்ளிப் படிப்பை முடித்தவருக்குக் கணிதம் பிரச்சினையாக இருக்காது. சதவீதம், விகிதம், வட்டி, வேலை-நேரம் எல்லாம் பத்தாம் வகுப்புக்குள் படித்ததுதான். தடையாவது ஆங்கிலப் பத்தி. அதற்குக் குறுக்கு வழி கிடையாது. எட்டு மாதம் முன்பே தொடங்கி, தினமும் ஓர் ஆங்கிலத் தலையங்கத்தையும் ஓர் அறிவியல் அல்லது பொருளாதாரக் கட்டுரையையும் படித்து, ஒவ்வொரு பத்தியின் சாரத்தையும் ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். தமிழில் எழுதினாலும் சரி. சாரத்தைப் பிடிக்க முடிகிறதா என்பதுதான் சோதனை. சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதில் போகும் நேரத்துக்குப் பலன் குறைவு. கடைசி மூன்று மாதம் வாரம் ஒரு மாதிரித் தேர்வு எழுதி, எழுதிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் தவறுகளை அலச வேண்டும்.

சான்றிதழ்கள்: இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்

முதலில் பெயர். தமிழ்நாட்டுச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் வரும். கேரளத்தில் பின்னால் வரும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். மலையாள வழியாகப் போன தமிழ்ப் பெயர் ஆங்கிலத்தில் வேறு எழுத்துக் கூட்டலோடு திரும்பி வரும். பத்தாம் வகுப்புச் சான்றில் ‘முருகன் கே.’, பட்டத்தில் ‘கே. முருகன்’, ஆதாரில் ‘முருகன் கருப்புசாமி’ என்று இருந்தால் மூன்று ஆவணமும் மூன்று ஆள்போலத் தெரியும். பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளதையே அடிப்படையாக வைத்து ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். தேர்வு விண்ணப்பத்திலும் அதே எழுத்து, அதே இடைவெளி. ஆறு மாதம் முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்தது பூர்விகம். மாநில ஒதுக்கீட்டு இடமும் இடஒதுக்கீடும் அந்தந்த மாநிலத்தவருக்கே. தமிழ்நாட்டில் இ-சேவை மையம் வழியாகவும், கேரளத்தில் அக்ஷயா மையம் வழியாகவும் நேட்டிவிட்டி சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். வில்லேஜ் ஆபீஸ் விசாரணைக்குப் பின் கிடைக்கும். வீடு கேரளத்தில், பள்ளி தமிழ்நாட்டில் என்று படித்தவர்களுக்கும் அதன் மறுதலைக்கும் எந்த மாநிலத்தவர் என்பது அந்தந்த மாநிலச் சேர்க்கைக் கையேட்டின் வரையறைப்படிதான் முடிவாகும். கையேட்டின் அந்தப் பகுதியை வரி வரியாகப் படித்து உங்களுக்குப் பொருந்தும் ஒரு மாநிலத்தை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டு மாநிலத்திலும் பூர்விகம் காட்டினால் பிறகு எப்போது தெரியவந்தாலும் சேர்க்கையே ரத்தாகும். மற்ற மாநிலத்தில் பொதுப் பிரிவில் வெளிமாநிலத்தவராக விண்ணப்பிக்கத் தடையில்லை.

சாதிச் சான்று இதைவிட நுட்பமானது. ஒரு மாநிலத்து எஸ்சி, எஸ்டி சான்றைக் காட்டி அடுத்த மாநிலத்தின் ஒதுக்கீட்டைப் பெற முடியாது. தமிழ்நாட்டில் பிசியாக உள்ள சமூகம் கேரளத்தின் எஸ்இபிசி (சமூக, கல்வி ரீதியில் பின்தங்கியோர்) பட்டியலில் வேறு பெயரில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மத்திய அரசின் ஓபிசி பட்டியலும் மாநில வாரியாகத்தான் இருக்கிறது. தமிழ்நாட்டு மாநில ஒதுக்கீட்டில் கிரீமிலேயர் கணக்கு, அதாவது பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தவரை ஒதுக்கீட்டிலிருந்து விலக்குவது, இல்லை. கேரளத்திலும் மத்திய அரசு நிறுவனங்களிலும் உண்டு. அதனால் டான்செட்டுக்கு வைத்திருந்த அதே சாதிச் சான்றை ஐஐஎம்முக்குக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். ஐஐஎம்முக்கு மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயர் அல்லாதவர் என்ற சான்று, அவர்கள் கேட்கும் நிதியாண்டுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். பழைய சான்று இருக்கிறதே என்று விட்டுவிட்டால் பொதுப் பிரிவில் தள்ளிவிடுவார்கள்.

மூன்றாவது, பல்கலைக்கழகம் மாறும் வேலை. காலிகட் பல்கலைக்கழகப் பட்டத்தோடு பாரதியாரில் சேர்ந்தாலும், பாரதியாரிலிருந்து காலிகட் போனாலும், பழைய பல்கலையின் மைக்ரேஷன் சான்று வேண்டும். வெளிமாநிலப் பட்டத்துக்குக் கேரளப் பல்கலைக்கழகங்கள் தகுதிச் சான்றும் கேட்கும். கடைசிப் பருவ முடிவு வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். சிஜிபிஏவில் மதிப்பெண் வைத்திருப்பவர், அதை விழுக்காடாக மாற்றும் முறையைப் பல்கலையின் முத்திரையோடு வாங்கி வைக்க வேண்டும். நீங்களே பத்தால் பெருக்கிப் போட்டால் 50 விழுக்காட்டு எல்லையில் இருப்பவருக்கு அதுவே வினையாகும்.

இரு மாநிலச் சேர்க்கையும் ஒரே வாரத்தில் நடப்பதில்லை. ஓரிடத்தில் பணம் கட்டிச் சேர்ந்த பிறகு இன்னோரிடத்தில் நல்ல சீட் வரும். அப்போது கல்லூரி அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்வது யுஜிசி விதிக்கு விரோதம். சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கான கெடுத் தேதி ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகிறது. விலகும் கடிதத்தை அந்தத் தேதிக்கு முன் மின்னஞ்சலிலும் கையிலும் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் பணம் போனதுதான்.

பணம்

ஐஐஎம் கோழிக்கோட்டில் இரண்டு ஆண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டும். பல்கலைக்கழகத் துறைகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் அதில் சிறு பங்குதான். வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் முறைப்படி 4 லட்சம் வரை கையிலிருந்து பங்கு போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. விண்ணப்பம் வித்யாலட்சுமி தளத்தின் வழியே. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம்-வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேர்ந்தவருக்குப் பிணையும் ஜாமீன்தாரரும் இல்லாமல் கடன். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 விழுக்காடு வட்டிச் சலுகை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவருக்கு இது கிடையாது.

வீடு ஒரு மாநிலம், கல்லூரி இன்னொரு மாநிலம் என்றால் பெற்றோரின் நிரந்தர முகவரிக்கு அருகிலுள்ள கிளையில்தான் கடன் சுலபமாக நகரும்.

வட்டி எப்படி ஏறுகிறது என்பதைக் கணக்குப் போட்டே பாருங்கள். ஆண்டுக்கு 3 லட்சம் வீதம் 6 லட்சம், 10 விழுக்காடு வட்டி என்று வைப்போம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் தனி வட்டி ஓடும். முதல் ஆண்டு 30,000, அடுத்த இரண்டு ஆண்டும் 60,000 வீதம், ஆக 1.5 லட்சம். அதைச் சேர்த்து 7.5 லட்சத்துக்கு ஏழாண்டுத் தவணை போட்டால் மாதம் சுமார் 12,450 ரூபாய். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் தவணை சுமார் 9,960. மாதம் 2,500 முதல் 5,000 வரை வீட்டில் கட்ட முடிகிறதென்றால் அதைச் செய்யுங்கள். உங்கள் பிரிவின் இடைநிலைச் சம்பளத்தில் மாதம் கைக்கு வருவதில் மூன்றில் ஒரு பங்கைத் தவணை தாண்டினால், அந்தக் கல்லூரி உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

வேலையை விடாமல் படிப்பவருக்கு

யுஜிசி அனுமதி பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்கு இணை. இக்னோ எம்பிஏவை இரண்டு முதல் நான்கு ஆண்டுக்குள் முடிக்கலாம். வேலை உயர்வுக்கு இது போதும். புதிதாக வேலை தேடுபவருக்குக் கேம்பஸ் தேர்வு இல்லாத குறை பெரிது. எல்லையோர ஊர்களில் ஒரு கடை முன்னால் பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை மையம் என்று பலகை தொங்கும். மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே தொலைநிலை மையம் நடத்தக் கூடாது. தனியாரிடம் மையத்தை விடவும் கூடாது. அப்படிப் படித்த பட்டத்தால் பின்னால் சிக்கல் வரும். இணையவழிப் படிப்புக்கு இந்த எல்லை இல்லை. சேரும் முன் யுஜிசியின் தொலைநிலைப் பிரிவுத் தளத்தில் அந்தப் பல்கலை, அந்தப் படிப்பு, அந்தப் பருவம் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். டெப்-ஐடி என்ற எண்ணை நீங்களே உருவாக்கித்தான் சேர வேண்டும். ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று முகவர் சொன்னால் விலகிவிடுங்கள்.

சேர்ந்த பிறகு

முதல் ஆண்டு முடிந்ததும் வரும் இன்டர்ன்ஷிப், எட்டு வாரம் என்றாலும், பிரிவை உறுதிசெய்ய அதைவிட நல்ல வழி இல்லை. எடுக்கப்போகும் பிரிவில்தான் அதைச் செய்ய வேண்டும். தெரிந்தவர் கம்பெனியில் கடிதம் மட்டும் வாங்கி வந்தால் இரண்டாம் ஆண்டு நேர்காணலில் பத்து நிமிடம் தாங்காது.

புராஜெக்டுக்கு ஓர் எடுத்துக்காட்டாகப் பொள்ளாச்சி இளநீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வியாபாரியிடம் முப்பது லோடுக்கான விவரம் கேட்டு வாங்கி, தாளில் ஆறு கட்டம் போடுங்கள்: வெட்டிய நேரம், லாரி ஏறிய நேரம், இறங்கிய நேரம், ஏற்றிய காய், கழிந்த காய், கிடைத்த விலை. வெட்டுக்கும் ஏற்றலுக்கும் இடையே எத்தனை மணி போகிறது, அது கூடும்போது கழிவு கூடுகிறதா, இரவு லோடுக்கும் பகல் லோடுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தால் ஆபரேஷன்ஸ் பாடம் முழுதும் அந்த ஆறு கட்டத்துக்குள் வந்துவிடும். விவரம் தருவதாக வியாபாரி சொன்ன வாய்ச்சொல்லை நம்பித் தலைப்பைப் பதிவு செய்யாதீர்கள். முதல் ஐந்து லோடின் விவரம் கைக்கு வந்த பிறகு தலைப்பைக் கொடுங்கள். வராவிட்டால் வேறு வியாபாரியையோ வேறு சரக்கையோ தேட இரண்டு வாரம் மிச்சமிருக்கும்.